கேம் விளையாடாத கணினிக்கு எந்தக் கிராபிக்ஸ் காட்?

மாங்குளத்தில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை நடத்துகிற சகோதரி கேட்டிருக்கிற கேள்வி இது. செகண்ட் ஹாண்டாக வாங்கிய டெல் ஒப்டிபிளெக்ஸ் 3020 வைத்திருக்கிறார். ஒல்லியான பெட்டி, நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 சிப், 4 ஜிபி ரேம். பகலில் ரைப்பிங், ஸ்கான், ஒன்லைன் விண்ணப்பங்கள், பாஸ்போட் அளவுப் படம். பின்னேரத்தில் அதே கணினியில் மகனுக்கு சூம் வகுப்பும் யூரியூப் பாடங்களும். கேம் கிடையாது. கணினி இழுபடுகிறது. வாடிக்கையாளர் தன் விண்ணப்பத்தைத் தானே பார்த்துச் சரிபிழை சொல்வதற்கு இன்னொரு மொனிட்டரும் வைக்க வேண்டும். திருத்தக் கொடுத்த இடத்தில் "ஜிடி 730, 4 ஜிபி காட் ஒன்று போடுங்கோ, எல்லாம் சரியாகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். காட் என்றால் திரையில் படம் காட்டுகிற வேலைக்கென்று கணினியின் தாய்ப்பலகையில் (போர்டில்) குத்துகிற தனிப் பலகை; ஜிடி 730 என்பது என்விடியாவின் பழைய மாடல் ஒன்று. அதைவிட மலிவாக, நல்லதாக வேறு காட் இருக்கிறதா என்று கேட்கிறார்.

தங்கச்சி, நீங்கள் காட்டைப் பற்றிக் கேட்டாலும் உங்களுக்கு வேண்டியவை இரண்டு: கணினி கெதியாக வேலை செய்ய வேண்டும், இரண்டு மொனிட்டரில் படம் தெரிய வேண்டும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கணினி திருத்துகிற வேலையில் நெடுநாளாக இருக்கிறேன். என் மேசைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை உங்களுடையதைப் போல, அலுவலகங்களில் பாவித்துக் கழித்த பிறகு இறக்குமதியான டெல், எச்பி, லெனோவோ பெட்டிகள்தான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் இரண்டு தேவைக்கும் காட் வாங்க வேண்டியதில்லை. அந்தக் காசை வேறு இடத்தில் போட்டால் பலன் கூட. ஏன் என்று விளக்கமாக எழுதுகிறேன். காட் உண்மையிலேயே தேவைப்படுகிற ஆட்களும் இதை வாசிப்பார்கள் என்பதால், எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதையும் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் கணினியில் கிராபிக்ஸ் ஏற்கனவே இருக்கிறது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 சிப்புக்குள்ளேயே எச்டி 4600 என்ற கிராபிக்ஸ் பகுதி உண்டு. இப்போது உங்கள் மொனிட்டரில் படம் வருவது அதனால்தான். வேர்ட், எக்செல், பிரவுசர், ஸ்கான், போட்டோ வெட்டி ஒட்டுவது எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும். இந்த வேலைகளில் திரையில் கோடும் எழுத்தும் வரைவது கிராபிக்ஸுக்குப் பெரிய சுமையே கிடையாது. காட் மாற்றியதால் வேர்ட் கெதியாகத் திறந்ததை நான் கண்டதில்லை.

அடுத்தது "4 ஜிபி காட்" என்ற பேச்சு. கடைகளில் இதைக் கேட்கிறவர்கள், இருக்கிற 4 ஜிபி ரேமோடு இன்னொரு 4 ஜிபி சேர்ந்து 8 ஆகிவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி ஆகாது. காட்டில் இருக்கிற நினைவகம் காட்டின் வேலைக்கு மட்டும். பிரவுசரில் பத்து ஜன்னல் திறந்தால் நிரம்புவது உங்கள் போர்டில் குத்தியிருக்கிற ரேம்தான். அதோடு, மலிவான காட்டுகளில் ஜிபி எண்ணைப் பெரிதாகப் போடுவது விற்பனைக்காக. குளம் பெரிது, மதகு சின்னது என்றால் வயலுக்குப் போகிற தண்ணீர் மதகின் அளவுதான். ஜிடி 730 இல் 64 பிட் டிடிஆர்3 வகையின் நினைவக வேகம் நொடிக்கு 14.4 ஜிகாபைட். உங்கள் போர்டில் 1600 வேக ரேம் இரண்டு துண்டு போட்டால் கிடைப்பது நொடிக்கு 25.6 ஜிகாபைட். காசு கொடுத்து வாங்குகிற காட்டின் நினைவகம், சும்மா இருக்கிற போர்டின் நினைவகத்தைவிட மெதுவாக ஓடும். இதைத் தெரிந்துகொண்டு விற்கிறவர்களும் உண்டு, தெரியாமல் விற்கிறவர்களும் உண்டு.

சரி, அப்படியென்றால் இழுபடுவது ஏன்? உங்கள் பெட்டியைத் திறந்து பார்க்காமல் நூறு வீதம் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். கணினி இழுபடுகிற நேரம் பார்த்து கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். அதில் சிபியு (கணினியின் பிரதான சிப்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று மூன்று எண் வீதத்தில் ஓடும். டிஸ்க் 100 இல் போய் நின்றால் குற்றவாளி பழைய ஹாட் டிஸ்க். மெமரி 85, 90 ஐத் தாண்டி நின்றால் ரேம் காணாது. 4 ஜிபி ரேமும் சுழல்கிற ஹாட் டிஸ்க்கும் சேர்ந்த மெஷினில் பெரும்பாலும் இரண்டுமே ஒன்றாக நடக்கும். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை ஹாட் டிஸ்க்கில் எழுதி எழுதி வாசிக்கும். அந்த டிஸ்க்கோ ஏற்கனவே களைத்துப்போனது. நீங்கள் ஒரு படத்தைத் திறக்கக் கிளிக் பண்ணிவிட்டுக் காத்திருப்பது அதற்காகத்தான்.

இதற்கு மருந்து 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, சுழலாத, வேகமான சேமிப்பு) ஒன்றும், ரேமை 8 ஜிபி ஆக்குவதும். ஒப்டிபிளெக்ஸ் 3020 இன் ஒல்லிப் பெட்டியில் ரேம் குத்துகிற இடம் இரண்டு, டிடிஆர்3, டெஸ்க்டொப் அளவு. இரண்டிலும் 4 ஜிபி வீதம் போடுங்கள், ஒரே 8 ஜிபி துண்டாக வேண்டாம். இரண்டு துண்டு போட்டால் நினைவகம் இரு வழியாக ஓடும், எச்டி 4600 அந்த ரேமைத்தான் கடன் வாங்கிப் பாவிக்கிறது என்பதால் கிராபிக்ஸும் கொஞ்சம் உசாராகும். கையளவு சின்னதாக வருகிற மைக்ரோ பெட்டி என்றால் லாப்டொப் ரேம்தான் போகும், கடைக்குப் போக முன் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஹாட் டிஸ்க்கை எறிய வேண்டாம். வாடிக்கையாளர் படங்களைச் சேமிக்க வைத்திருக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி ஒன்றையும் வைக்காதீர்கள்.

யூரியூப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காட் விற்கிறவர்கள் இதைத்தான் அதிகம் காரணம் காட்டுகிறார்கள். யூரியூப் வீடியோவைச் சுருக்கி அனுப்புகிறது. உங்கள் கணினி அதை விரித்துக் காட்ட வேண்டும். சுருக்குகிற முறைகள் பல. எச்.264 பழையது, கிட்டத்தட்ட எல்லா மெஷினுக்கும் தெரியும். விபி9 அதற்குப் பிறகு வந்தது. ஏவி1 புதியது. இப்போது யூரியூப் பிரவுசருக்கு அனுப்புவது பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1. எச்டி 4600 க்கு இந்த இரண்டையும் விரிக்கிற தனிச் சுற்று கிடையாது. அதனால் அந்த வேலை சிபியு தலையில் விழும். இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: ஜிடி 730 க்கும் அந்தச் சுற்று கிடையாது. அது எச்.264 உடன் நின்றுவிட்ட காட். ஆகவே யூரியூப்புக்காக அதை வாங்கினால், வாங்குவதற்கு முன்னும் பின்னும் ஒரே நிலைதான்.

நல்ல செய்தி என்னவென்றால், நான்கு கோர் உள்ள உங்கள் ஐ5 1080 வரையான வீடியோவைத் தனியாகவே சமாளிக்கும். பிள்ளை பாடம் பார்க்க 720 போதும், டேட்டாவும் மிஞ்சும். சந்தேகமென்றால் வீடியோவின் மேல் ரைட் கிளிக் பண்ணி "ஸ்டாட்ஸ் ஃபோர் நெர்ட்ஸ்" என்பதைத் தெரிவு செய்து பாருங்கள். கோடெக் என்ற வரியில் என்ன முறையில் வருகிறது, எத்தனை ஃபிரேம் தவறிப்போனது என்று எல்லாம் காட்டும். ஃபிரேம் தவறாமல் வீடியோ நின்று நின்று வந்தால் கோளாறு இணைய இணைப்பில். வன்னியில் பல ஊர்களில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு மொபைல் இணைப்பு நெரிசலாகி இழுபடுவது உங்களுக்கும் பழக்கம்தான். எந்தக் காட்டும் அதைத் திருத்தாது. சூம் வகுப்பு பாதியில் உறைந்து நிற்பதற்கும் அநேகமாக இதுதான் காரணம்.

இரண்டாவது மொனிட்டருக்கு வருவோம். உங்கள் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். நீலநிற விஜிஏ ஒன்று இருக்கும். அதற்கு அருகில், யுஎஸ்பியை விடக் கொஞ்சம் அகலமாக, ஒரு மூலை மட்டும் சரிந்த துளை ஒன்று இருக்கும். அது டிஸ்பிளே போர்ட். எங்கள் பக்கம் அதற்குரிய வயர் கடைகளில் அவ்வளவாகத் தொங்காததால் பலர் அதைப் பாவித்ததே இல்லை, சிலர் அது என்னவென்றே கேட்டதில்லை. விஜிஏயில் ஒரு மொனிட்டர், டிஸ்பிளே போர்ட்டில் ஒரு மொனிட்டர், காட் இல்லாமலே இரண்டும் ஓடும். உங்கள் இரண்டாவது மொனிட்டரில் எச்டிஎம்ஐ இருந்தால் டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுகிற வயர் வாங்குங்கள். மொனிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால் டிஸ்பிளே போர்ட்டிலிருந்து விஜிஏக்கு மாற்றுகிற அடப்டர். வாங்கும்போது திசையைச் சொல்லிக் கேளுங்கள், கணினிப் பக்கம் டிஸ்பிளே போர்ட், மொனிட்டர் பக்கம் மற்றது. மறுபக்கத் திசைக்குச் செய்த வயர் குத்தினால் பொருந்தும், படம் வராது. பொருத்திய பிறகு விண்டோஸ் பட்டனோடு பி எழுத்தை அழுத்தி, ஒரே படமா தனித்தனிப் படமா என்று தெரிவு செய்யலாம். வாடிக்கையாளர் பார்க்க மட்டும் என்றால் ஒரே படம் போதும். அப்படியென்றால் விஜிஏயை இரண்டாகப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் கூட வேலை செய்யும்.

காட்டில் காசு போட நான் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. மேலதிகப் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பதிவு செய்கிற தனிநபர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடித்திருக்கிறார்கள். விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உத்தியோகபூர்வமாகப் போகாது. உங்களுடையது நான்காம் தலைமுறை. வாடிக்கையாளரின் அடையாள அட்டை ஸ்கான், வங்கிப் புத்தகப் பிரதி எல்லாம் அந்த மெஷினில் ஏறுவதால் பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் நீண்ட காலம் ஓட்டுவதை நான் விரும்பவில்லை. எஸ்எஸ்டியும் ரேமும் போட்டால் கொஞ்சக் காலம் நிம்மதியாக ஓடும். எஸ்எஸ்டியை நாளைக்குக் கழற்றி அடுத்த மெஷினுக்குப் போடலாம். டிடிஆர்3 ரேமைப் போட முடியாது, எனவே அதைப் பாவித்ததாகவே மலிவாக வாங்குங்கள். அடுத்த பெட்டி மாற்றுகிற நாளில் ஐ5-8500 போன்ற எட்டாம் தலைமுறை பார்த்து வாங்கினால் அதற்குள் இருக்கிற யுஎச்டி 630 கிராபிக்ஸுக்கு விபி9 தெரியும், விண்டோஸ் 11 ஏறும். நல்ல காட் ஒன்றின் விலையோடு இந்த மெஷினையும் விற்ற காசைச் சேர்த்தால் அந்தத் தூரம் அவ்வளவு இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் பழகத் தயார் என்றால் இந்த மெஷினே இன்னும் சில வருடம் ஓடும். இன்டெல் கிராபிக்ஸ் லினக்ஸில் தானாகவே வேலை செய்யும், பழைய என்விடியா காட்தான் டிரைவருக்காக, அதாவது காட்டை இயக்குகிற மென்பொருளுக்காக, அலைய வைக்கும்.

இனி, காட் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் யார் என்று பார்ப்போம். சிப்புக்குள் கிராபிக்ஸ் இல்லாதவர்கள் முதலாவது. இன்டெல் சிப்பின் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால், உதாரணமாக ஐ3-12100எஃப், ஐ5-10400எஃப், அதில் கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டி ரைசனில் 2600, 3600, 5600 போன்றவற்றில் இல்லை. 3200ஜி, 5600ஜி என்று ஜி சேர்ந்தவற்றில் உண்டு. புதிதாக மெஷின் கட்டுகிறவர்கள் எஃப் சிப் கொஞ்சம் மலிவு என்று வாங்கிவிட்டுப் பிறகு காட்டுக்கு அதைவிடப் பல மடங்கு கொடுக்கிறார்கள். கேம் இல்லாத ஆளுக்கு ஐ3-12100 போதும், அதன் யுஎச்டி 730 ஏவி1 வரை விரிக்கும். இரண்டாவது, போர்டில் படம் வருகிற துளை பழுதானவர்கள். இடிமின்னல் காலத்தில் டிஷ் அன்டனா பொருத்திய ரிவியோடு எச்டிஎம்ஐ வயரில் கணினியை இணைத்து வைத்து இப்படிப் பறிகொடுத்தவர்கள் வன்னியில் நிறையப்பேர். மூன்றாவது, மூன்று நான்கு மொனிட்டர் வேண்டியவர்கள். நான்காவது, கலியாண வீடியோ எடிட் பண்ணுகிற ஸ்டூடியோக்காரர்.

முதல் மூன்று வகையினருக்கு நான் சொல்வது, ஜிபியைப் பார்க்காமல் நான்கு விஷயத்தைப் பாருங்கள்: எந்த வீடியோ முறையை விரிக்கும், என்ன துளைகள் இருக்கின்றன, எவ்வளவு கரண்ட் இழுக்கும், டிரைவர் இன்னும் வருகிறதா. இந்தக் கணக்கில் ஜிடி 210, ஜிடி 610 இரண்டையும் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்பேன். ஜிடி 710 உம் ஜிடி 730 உம் 19 வாட் தொடக்கம் சில பத்து வாட் வரை இழுக்கிற சாதுவான காட்டுகள், ஆனால் அவற்றின் கெப்ளர் என்கிற சிப் தலைமுறைக்குப் புதிய டிரைவர் 2021 இல் நின்றது, பாதுகாப்புத் திருத்தமும் 2024 செப்டெம்பருடன் முடிந்தது. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் மூன்று விதமான காட் விற்கப்பட்டது. அதில் 96 கோர் உள்ளது அதற்கும் முந்திய ஃபெர்மி வகை, அதை 2018 இலேயே கைவிட்டுவிட்டார்கள். பெட்டியின் வெளியே இதெல்லாம் தெளிவாக எழுதியிருக்காது. படம் மட்டும் வந்தால் போதும், வேறு ஒன்றுமே கிடைக்கவில்லை என்கிற அவசரத்துக்கு ஜிடி 710. அவ்வளவுதான்.

ஜிடி 1030 இலிருந்துதான் காசுக்குப் பெறுமதி தொடங்குகிறது. 2017 இல் வந்தது, 30 வாட், விபி9 விரிக்கும், ஒல்லிப் பெட்டிக்கு ஏற்ற அரை உயர வகையும் உண்டு. ஆனால் 2018 இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு ஒன்றை இறக்கினார்கள். ஜிடிடிஆர்5 வகையின் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிகாபைட், டிடிஆர்4 வகைக்கு 16.8. மூன்றில் ஒரு பங்கு. விலை வித்தியாசம் சின்னது, ஆகவே பெட்டியில் ஜிடிடிஆர்5 என்று எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். இதில் விஜிஏக்கான அனலொக் சிக்னல் வராது. டிவிஐ துளையில் அந்த மலிவான விஜிஏ முனையைக் குத்திப் பார்த்துவிட்டு காட் பழுது என்று கொண்டுவருகிறார்கள். விஜிஏ மொனிட்டர் வைத்திருப்பவர் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றுகிற, உள்ளே சிப் உள்ள அடப்டர் வாங்க வேண்டும். இந்தத் தலைமுறைக்கும் என்விடியா 2025 ஒக்டோபருடன் வழமையான டிரைவரை நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறது. சாதாரண வேலைக்கு இது பெரிய தடை இல்லை.

என் சொந்தத் தெரிவு என்று கேட்டால், அலுவலக மெஷின்களிலிருந்து கழற்றி வருகிற என்விடியாவின் குவாட்ரோ பி400, பி620, அதே வரிசையில் பிறகு வந்த டி400 காட்டுகளைச் சொல்வேன். இவற்றை வேலை செய்கிற இடங்களுக்கென்றே செய்திருக்கிறார்கள், கேம் காட் போல நாள் முழுக்க உச்சச் சூட்டில் ஓடியிருப்பது அரிது. பி400 உம் டி400 உம் 30 வாட், மூன்று மொனிட்டர். பி620 40 வாட், நான்கு மொனிட்டர். எல்லாம் அரை உயரம். துளைகள் மினி டிஸ்பிளே போர்ட் என்பதால் அடப்டர் விலையைக் கணக்கில் சேருங்கள். ஒல்லிப் பெட்டிக்கு வாங்கும்போது சின்னப் பிடிதகடு, அதுதான் பிராக்கெட், கூட வருகிறதா என்று கேட்காமல் காசு கட்டாதீர்கள். டி400 டூரிங் என்கிற பிந்திய சிப் தலைமுறை, டிரைவர் இன்னும் வருகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் சொலிட்வேர்க்ஸ் போன்றவற்றுக்குக் காட் கேட்டால் அவர்களுக்கும் நான் இந்தக் குடும்பத்தைத்தான் காட்டுவேன், அந்த மென்பொருள் அங்கீகரிக்கிற காட் வரிசை இது. ஓட்டோகாட்டில் தட்டையான வரைபடம் மட்டும் என்றால் சிப்புக்குள் இருப்பதே போதும்.

ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 550 மலிவாகக் கிடைக்கும், 50 வாட், ஆனால் விபி9 விஷயத்தில் பலவீனம் என்பதால் நான் ஒதுக்கிவிடுவேன். ஆர்எக்ஸ் 6400 நல்ல காட்தான், 53 வாட், ஆனால் இரண்டு மொனிட்டருக்கு மேல் இல்லை, வீடியோவைச் சுருக்கி எழுதுகிற சுற்று அதில் வைக்கவில்லை, ஏவி1 உம் தெரியாது. ஜிடி 1030 இலும் அந்தச் சுருக்கி எழுதும் சுற்று இல்லை. ஸ்டூடியோக்காரர் இரண்டையும் தவிர்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்: ஒரு மணி நேரக் கலியாண வீடியோவை வெளியே எடுக்கும்போது முழுச் சுமையும் சிபியுவில் விழும். அவர்களுக்கு ஜிடிஎக்ஸ் 1650, அல்லது 70 வாட்டில் ஓடுகிற ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி வகை. இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380 வீடியோ வேலையில் கெட்டிக்காரக் காட்டுகள், ஏவி1 இல் எழுதவும் செய்யும். ஆனால் பத்தாம் தலைமுறைக்கு முந்திய மெஷினுக்கு இன்டெல்லே அவற்றைச் சிபாரிசு செய்யவில்லை, ஆகவே பழைய பெட்டிக்காரர் விட்டுவிடுங்கள்.

விலைகளை நான் எழுதவில்லை. டொலர் அசைந்தால் விலை அசைகிறது, மேலே 18 வீத வற் வேறு. கொழும்பு யூனிட்டி பிளாசா கடை ஒன்றிலும் வவுனியாவில் ஒரு கடையிலும் ஒரே நாளில் விசாரித்து ஒப்பிடுங்கள். பஸ் பார்சலில் எடுப்பிக்கிறவர்கள் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் யார் செலவு என்பதை முதலே கதைத்து, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். பாவித்த காட்டில் போலியும் ஓடுகிறது. பழைய ஜிடிஎஸ் 450 போன்றவற்றின் பயோஸை, அதாவது காட்டுக்குள் எழுதியிருக்கிற அடிப்படை மென்பொருளை, மாற்றி 1050 டிஐ என்று விற்கிறார்கள், விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும். 1050 டிஐ காட்டில் நீல விஜிஏ துளை இருந்தால் சந்தேகப்படுங்கள், அந்தச் சிப்பில் அனலொக் கிடையாது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் பல போலிகளைப் பிடித்துப் பெயருக்கு முன்னால் போலி என்றே எழுதிக் காட்டும். காட் வாங்குகிற இடத்திலேயே அதை ஓட்டிப் பாருங்கள். கால் மணி நேரம் 1080 வீடியோ ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, விசிறி கரகரக்கிறதா என்று கவனியுங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் பாவித்த காட் எத்தனை நாள் உழைக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது, அதனால் ஒரு மாதமாவது மாற்றித் தருவதாகச் சொல்கிற கடையே மேல்.

கரண்ட் விஷயம். போர்டின் துளை வழியாகக் காட்டுக்குக் கிடைக்கக்கூடியது உச்சமாக 75 வாட், சில ஒல்லிப் பெட்டிகளில் உற்பத்தியாளர் அதைவிடக் குறைவாகவே அனுமதிக்கிறார். உங்கள் பெட்டியின் பவர் சப்ளை 255 வாட், அதன் இணைப்பும் சாதாரணக் கடைப் பவர் சப்ளையோடு பொருந்தாதது. எனவே இந்த வகைப் பெட்டிக்கு 30, 40 வாட் காட்டோடு நின்றுகொள்ளுங்கள். 30 வாட் காட் ஒன்று நாளுக்குப் பத்து மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால்கூட மாதத்துக்கு 9 யூனிட், ரைப்பிங் வேலையில் அதில் சிறு பங்குதான் போகும்.

தூசி இதைவிடப் பெரிய எதிரி. சோழகம் வீசுகிற மாதங்களில் ஏ9 வீதியோரக் கடை ஒன்றின் கணினியைத் திறந்தால் உள்ளே ஒரு பிடி செம்மண் கிடக்கும். மலிவான காட்டின் சின்ன விசிறி அந்தத் தூசியில் முதலில் இறுகும், பிறகு நிற்கும், பிறகு காட் சூட்டில் போகும். விசிறி இல்லாத வகை கிடைத்தால் நல்லது, ஆனால் பெட்டிக்குள் காற்று ஓட வேண்டும், சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரண்டைக் கழற்றி, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய தூரிகையால் துடையுங்கள். பின்பக்கத்தில் காட் போடாத துளைகளின் தகட்டைக் கழற்றிவிடாதீர்கள். பல்லியும் எறும்பும் அதனால்தான் உள்ளே போகின்றன, போர்டில் ஷோட் ஆகிறது. காட் போட்ட பிறகு மொனிட்டர் வயரைக் காட்டில் குத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்டிலேயே விட்டுவிட்டுப் படம் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் அதிகம், காட்டைக் கண்டதும் போர்டின் கிராபிக்ஸ் பல மெஷின்களில் தானாக அணைந்துவிடும்.

ஆகவே தங்கச்சி, முதல் வேலையாக டாஸ்க் மனேஜரைத் திறந்து டிஸ்க், மெமரி இரண்டும் என்ன எண் காட்டுகின்றன என்று பாருங்கள். உங்கள் இரண்டாவது மொனிட்டரின் பின்பக்கத்தில் என்ன துளை இருக்கிறது என்பதையும் பாருங்கள். மெமரியில் ஏற்கனவே ஒரு துண்டா இரண்டு துண்டா என்று டாஸ்க் மனேஜரின் பெர்ஃபோமன்ஸ் பக்கத்திலேயே தெரியும். இந்த மூன்றையும் இங்கே எழுதினால் எந்த வயர், எந்த ரேம் என்று சரியாகச் சொல்லிவிடலாம். அதுவரைக்கும் அந்த 730 க்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.